எண்ணெய் இறைக்கும் பற்சக்கரங்கள்



செம்பனைக் காட்டிலிருந்து பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு வரும் டிராக்டரை நாம் பார்த்திருக்கிறோம். குலைகளைக் கொட்டும் மேட்டுக்கு வந்ததும், ஓட்டுநர் தம் இருக்கையின் பக்கத்திலுள்ள சிறிய பிடியொன்றை இரண்டு விரல்களால் தள்ளுகிறார். பின்னாலிருக்கும் டிரெய்லரின் தொட்டி மெல்ல எழும்பிச் சாய்கிறது. பத்துப் பேர் கூடினாலும் அசைக்க முடியாத பாரம் அரை நிமிடத்தில் சரிந்து விழுகிறது. அந்தப் பாரத்தைத் தூக்கியது யார்? ஓட்டுநரின் இரண்டு விரல்களா? இல்லை. டிராக்டரின் எஞ்சின் கொடுத்த பலம் அது. அந்தப் பலத்தை எஞ்சினிடமிருந்து வாங்கி, எண்ணெயின் மூலமாகத் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு செங்கல் அளவேயுள்ள இரும்புப் பெட்டி. அதற்குப் பெயர் கியர் பம்பு. தமிழில் பற்சக்கரப் பம்பு எனலாம்.

இந்தப் பம்பு டிராக்டரில் மட்டும் இருப்பதன்று. செம்பனை எண்ணெய் ஆலையில் பழத்தைப் பிழியும் திருகுச் செக்கின் வாயிலே, கூம்பு போன்ற ஓர் இரும்பு அடைத்துக்கொண்டு நிற்கும். பல ஆலைகளில் அந்தக் கூம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பது அழுத்தம் ஏற்றப்பட்ட எண்ணெய்தான். குலைகளைக் கவ்வித் தூக்கும் இயந்திரக் கை, மண் வாரும் இயந்திரம், லோரியின் எஞ்சின், நம் பிள்ளைகள் ஓட்டும் மோட்டார் சைக்கிள் ஆகியவற்றிலும் இதன் இனத்தைச் சேர்ந்த பம்புகள் வேலை செய்கின்றன. நம் வீட்டில் ஒருவராவது இத்தகைய இயந்திரத்தின் அருகில் நின்று பிழைக்கிறார். ஆகவே, இது எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்தால் கெட்டுப்போகிறது, எப்போது மனிதனுக்கே ஆபத்தாகிறது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இதன் பூர்வீகத்தைச் சில வார்த்தைகளில் சொல்லிவிடுவோம். சூரியனைச் சுற்றிக் கோள்கள் செல்லும் பாதை நீள்வட்டம் என்று 1609ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தவர் யோகான்னஸ் கெப்ளர் என்ற ஜெர்மானிய அறிஞர். வானத்தை ஆராய்ந்த அதே கெப்ளர், இரண்டு பற்சக்கரங்களை ஒரு பெட்டிக்குள் சுழலவிட்டு நீர் இறைக்கலாம் என்பதையும் யோசித்து வைத்தார். அதுவரை இருந்த பல பம்புகளில் திறந்து மூடும் கதவுகள், அதாவது வால்வுகள், தேவைப்பட்டன. கெப்ளர் நினைத்த பம்புக்கு அவை தேவையில்லை. சக்கரத்தின் பற்களே கதவு, பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களே வாளி. சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அந்த எண்ணம்தான் இன்று நம் தோட்டத்து டிராக்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. ஆகவே நேயர்கள் மனக்கண்ணால் காண வேண்டும். நீள்வட்டமான ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரே அளவான இரண்டு பற்சக்கரங்கள் பக்கத்தில் பக்கமாக, ஒன்று இடப்புறம், மற்றொன்று வலப்புறம். நடுவில் இரண்டின் பற்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. பெட்டியின் உட்சுவர் இரண்டு சக்கரங்களின் வெளிப்புறத்தையும் உரசாமல், ஆனால் மிக நெருக்கமாக அணைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியின் அடியில் ஒரு துவாரம், அது எண்ணெய் உள்ளே வரும் வழி. மேலே ஒரு துவாரம், அது எண்ணெய் வெளியே போகும் வழி. எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது மற்றச் சக்கரத்தை எதிர்த்திசையில் சுழற்றுகிறது.

இப்போது ஒரு கேள்வி. எண்ணெய் எந்த வழியாக மேலே போகிறது? பள்ளியில் மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சட்டென்று, "நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் இடையில் புகுந்து போகிறது, ஐயா" என்பார்கள். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தைப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். பட்டறையில் பல ஆண்டு வேலை செய்தவர்கள் சிலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. எண்ணெய் நடுவில் போவதே இல்லை. அது ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

எப்படி என்று பார்ப்போம். இடப்பக்கச் சக்கரத்தின் இட ஓரம் மேல்நோக்கி ஏறுகிறது. வலப்பக்கச் சக்கரத்தின் வல ஓரமும் மேல்நோக்கி ஏறுகிறது. ஓரங்கள் மேலே ஏறினால், இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதி கீழே இறங்கத்தானே வேண்டும்? கைகளை எதிரெதிரே வைத்துச் சுழற்றிப் பாருங்கள், விளங்கும். கீழே, எண்ணெய் வரும் பக்கத்தில், கோத்திருந்த பற்கள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிகின்றன. ஒரு பல் பள்ளத்தை விட்டு விலகியதும் அங்கே வெற்றிடம் உண்டாகிறது. தொட்டியிலுள்ள எண்ணெயை வெளிக்காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது அல்லவா? அந்தக் காற்றழுத்தமே எண்ணெயை அந்த வெற்றிடத்துக்குள் தள்ளுகிறது. நிரம்பிய பள்ளம் பெட்டியின் சுவரை ஒட்டி ஓரமாக மேலே செல்கிறது. சுவர் மூடியாக இருப்பதால் எண்ணெய் சிந்த வழியில்லை. மேலே சென்றதும் எதிர்ச்சக்கரத்தின் பல் வந்து அந்தப் பள்ளத்துக்குள் நுழைகிறது. எண்ணெய்க்கு இருந்த இடத்தைப் பல் பிடித்துக்கொண்டது. எண்ணெய் என்ன செய்யும்? மேல் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது.

தோட்டத்து லோரியை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. காட்டிலிருந்து ஆலைக்குப் போகும்போது நிறையப் பாரத்தோடு போகிறது. ஆலையிலிருந்து திரும்பும்போது வெறுமையாக வருகிறது. பற்சக்கரத்தின் பள்ளமும் அப்படியே. ஓரமாக ஏறும்போது எண்ணெயோடு போகிறது, நடுவாக இறங்கும்போது எண்ணெய் இல்லாமல் வருகிறது. நடுவிலே பற்கள் கோத்துக்கொள்வது எண்ணெயைத் தள்ளுவதற்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். மேலே போன எண்ணெய் கீழே திரும்பிவிடாதபடி காவல் காப்பதும் அந்தக் கோப்புதான்.

மேலும் ஒரு நுட்பம். பற்கள் கோக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு ஜோடிப் பற்களுக்கு நடுவே துளி எண்ணெய் சிறைப்பட்டுவிடும். எண்ணெயை நசுக்கிச் சிறிதாக்குவது எளிதன்று. சிறைப்பட்ட அந்தத் துளி சக்கரங்களையே பிளக்கப் பார்க்கும், பம்பு இரைச்சலிடும். அதனால்தான் சக்கரங்களின் பக்கத்திலுள்ள தகட்டில், துளி தப்பிச் செல்வதற்குச் சிறிய பள்ளங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பம்பைப் பிரிப்பவர் அந்தத் தகட்டைத் திருப்பி மாட்டினாலும், தேய்ந்துவிட்டதென்று அரத்தால் ராவினாலும் வேலை கெட்டுப்போகும்.

இதுவரை சொன்னது முதல் வகை. இரண்டு சக்கரங்களுக்கும் பற்கள் வெளிப்புறம் இருப்பதால் இதை வெளிப்பல் பம்பு என்போம். உறுதியானது, விலை குறைந்தது, பெரிய அழுத்தத்தைத் தாங்கக்கூடியது. டிராக்டருக்கும் மண் வாரும் இயந்திரத்துக்கும் இது பெரிதும் பயன்படுவதன் காரணம் இதுவே. இதன் குறை இரைச்சல். இரைச்சலைக் குறைப்பதற்காகப் பற்களைச் சாய்வாக வெட்டுவதும் உண்டு. சாய்ந்த பற்கள் சிறிது சிறிதாகக் கோத்துக்கொள்வதால் ஓசை அடங்கும், ஆனால் சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். இடச்சாய்வையும் வலச்சாய்வையும் ஒரே சக்கரத்தில் சேர்த்து, மீன்முள் போல வெட்டினால் அந்தத் தள்ளலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும்.

இரண்டாம் வகை உட்பல் பம்பு. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குக் குடியேறிய ஜென்ஸ் நீல்சன் என்பவர், தம்முடைய சுண்ணாம்புக்கல் குவாரியில் ஊறிய நீரை வெளியேற்ற வழி தேடியபோது இதை உருவாக்கினார். 1911ஆம் ஆண்டில் இதைச் செய்து விற்பதற்கென்றே ஒரு நிறுவனமும் தோன்றியது. இதில் சக்கரங்கள் பக்கத்தில் பக்கமாக இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. வெளியே பெரிய வளையம், அதன் பற்கள் உள்நோக்கி இருக்கும். அதற்குள் சிறிய சக்கரம், அதன் பற்கள் வெளிநோக்கி இருக்கும். சிறிய சக்கரம் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருப்பதால், ஒரு பக்கத்தில் பற்கள் கோத்துக்கொள்கின்றன, எதிர்ப்பக்கத்தில் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் மூன்றாம் பிறை நிலாவைப் போல வளைந்த ஓர் இரும்பு அசையாமல் நிற்கிறது. எண்ணெய் பிறையின் இரண்டு பக்கமும் பிரிந்து பற்பள்ளங்களில் ஏறிச் சென்று, பற்கள் கோக்கும் இடத்தில் வெளியே தள்ளப்படுகிறது.

இந்த வகையில் இரண்டு சக்கரங்களும் ஒரே திசையில் சுற்றுகின்றன. பற்கள் மெதுவாகப் பிரிந்து மெதுவாகக் கோத்துக்கொள்கின்றன. ஆகையால் தார், சாயம், பாகு, கொக்கோ கலவை போன்ற கெட்டியான பொருள்களைக்கூட ஆத்திரப்படாமல் நிதானமாக இறைத்துக் கொடுக்கிறது.

மூன்றாம் வகையைப் புரிந்துகொள்ள ஒரு நட்சத்திரப் பழம் போதும். பிலிம்பிங் என்று சந்தையில் வாங்குகிறோமே, அந்தப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனையுள்ள நட்சத்திரம் கிடைக்கும். அதை இரும்பால் செய்து, முனைகளை மழுங்கச் செய்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அது உட்சக்கரம். அதைச் சுற்றியுள்ள வெளிவளையத்தில் ஆறு பள்ளங்கள். உள்ளே ஐந்து என்றால் வெளியே ஆறு, உள்ளே நான்கு என்றால் வெளியே ஐந்து. எப்போதும் ஒன்று கூடுதல். இந்த ஒன்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. முனையும் பள்ளமும் சம எண்ணிக்கையில் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சக்கரமாகச் சுற்றும். ஒன்று குறைவாக இருப்பதால், ஒவ்வொரு முனையும் சுற்றுக்கொரு முறை ஒரு பள்ளம் முந்துகிறது. அதனால் முனைகளுக்கு இடையிலுள்ள அறை அரைச்சுற்றில் பெரிதாகிக்கொண்டே போகிறது, மறு அரைச்சுற்றில் சிறிதாகிக்கொண்டே வருகிறது. பெரிதாகும்போது எண்ணெய் உள்ளே வருகிறது, சிறிதாகும்போது வெளியே போகிறது. பிறை தேவையில்லை, இடமும் அதிகம் பிடிக்காது. பல மோட்டார் சைக்கிள், கார் எஞ்சின்களின் உள்ளே எஞ்சின் எண்ணெயைச் சுற்றவிடுவது இந்த வகைப் பம்பே. எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு காரில் எரிந்தால், உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், வீடு போய்ச் சேர்வது கார் மட்டுமாக இருக்கும், எஞ்சின் இராது.

இவற்றுக்கு ஓர் ஒன்றுவிட்ட உறவும் உண்டு. மடல் பம்பு என்று சொல்லலாம். இரண்டு அல்லது மூன்று பருத்த மடல்களையுடைய உருளைகள் ஒன்றையொன்று தொடாமலே சுற்றுகின்றன. அவற்றைச் சேர்ந்தாற்போல் சுழற்றுவதற்கு வேறு பற்சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே தனியாக இருக்கும். நசுங்கக் கூடாத உணவுப் பொருள்களை இறைக்க இது ஏற்றது.

அப்படியானால் எதையும் பற்சக்கரப் பம்பால் இறைத்துவிடலாமா? முடியாது. ரப்பர் மரத்துப் பாலையே எடுத்துக்கொள்வோம். பால் மரம் சீவியவர்களுக்குத் தெரியாதது இல்லை, பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள். அதைக் கலக்கி உரசினால் உறையத் தொடங்கும். பற்சக்கரங்களுக்கு நடுவே அகப்பட்ட பால் கட்டி கட்டியாக உறைந்து பம்பை அடைத்துவிடும். அதனால் பாலைப் பள்ளமான இடத்துக்குத் தானாக வழியவிடுவார்கள். அல்லது சவ்வு அசைந்து இறைக்கும் வேறு வகைப் பம்பைப் பயன்படுத்துவார்கள். அதுபோலவே மணலும் சேறும் கலந்த ஆற்று நீருக்கும் இது உதவாது. பற்சக்கரங்கள் தாம் இறைக்கும் எண்ணெயிலேயே வழுக்கிக்கொண்டு ஓடுபவை. மணல் நீரை ஊற்றினால் அரைபட்டுப் போகும்.

நேயர்களே, இப்போது இந்த உரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பம்பு தருவது எண்ணெயின் ஓட்டத்தை. அழுத்தத்தை உண்டாக்குவது எதிரேயுள்ள சுமை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பம்பு ஒரு சுற்றுக்கு 8 கன சென்டிமீட்டர் எண்ணெய் தள்ளுகிறது என்றும், நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 12,000 கன சென்டிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். டிரெய்லரைத் தூக்கும் உருளைக்குள் 6 லிட்டர் எண்ணெய் கொள்ளுமானால், அரை நிமிடத்தில் அது முழுமையாக நீண்டுவிடும். தொட்டி காலியாக இருந்தாலும் அரை நிமிடம், நிறைந்திருந்தாலும் ஏறத்தாழ அரை நிமிடம். வேறுபடுவது அழுத்தம். காலித் தொட்டி சிறிதளவே எதிர்க்கும், ஆகவே அழுத்தமும் சிறிது. நிறைந்த தொட்டி பலமாக எதிர்க்கும், ஆகவே அழுத்தமும் ஏறும். உருளைக்குள் இருக்கும் தண்டின் முகப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிலோ அழுத்தம் விழும்போது 8,000 கிலோ தள்ளும் பலம் கிடைக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது நம் கைவிரல் நகம் அளவுதான். நகம் அளவு இடத்தில் ஒரு சிமெண்டு மூட்டையை அல்ல, இரண்டு மூட்டையை நிறுத்தி வைத்த பாரம் அது.

சரி, எதிரேயுள்ள வழி முற்றிலும் அடைபட்டுவிட்டால்? காற்றாடி போல் சுழலும் சாதாரணத் தண்ணீர்ப் பம்பில் வெளிக்குழாயை மூடினால், உள்ளே நீர் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். பற்சக்கரப் பம்பு அப்படிச் சும்மா இராது. சுற்றுக்கு இத்தனை எண்ணெய் என்று கணக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாய் வெடிக்கும், அல்லது பெட்டி பிளக்கும், அல்லது எஞ்சின் திணறி நின்றுவிடும். இதைத் தடுப்பதற்காக அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு சுருள்வில் ஒரு சிறு குண்டை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அழுத்தம் அளவு மீறினால் எண்ணெய் குண்டைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்கே திரும்பிவிடும். "இந்தத் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வண்டி கூடுதலாகத் தூக்கும்" என்று சிலர் சொல்வதுண்டு. தூக்கும்தான். ஆனால் காவல்காரனின் கையைக் கட்டிவிட்டுக் கதவைப் பூட்டாமல் தூங்குவதற்கு ஒப்பான காரியம் அது. அளவுமானி வைத்துத் திருத்துவதற்குப் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் அந்தத் திருகைத் தொடலாகாது.

பம்பு எதனால் சாகிறது? பெரும்பாலும் அழுக்கினால். சக்கரத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு மட்டுமே. நம் தலைமயிரே அந்த இடைவெளியில் நுழைவது கடினம். அங்கே ஒரு மணல் துகள் புகுந்தால் என்ன ஆகும்? சுவரில் கோடு விழும். கோட்டின் வழியே எண்ணெய் பின்வாங்கும். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது பம்பு நன்றாகத் தூக்கும். மத்தியானம் எண்ணெய் சூடேறி இளகியதும், கோடுகளின் வழியே நழுவிவிடும், தூக்க மறுக்கும். "காலையில் தூக்குகிறது, மத்தியானம் தூக்கவில்லை" என்று ஓட்டுநர் சொன்னால், அது பம்பு தேய்ந்துவிட்டதற்கு அடையாளமாக இருக்கலாம்.

பம்பு தன் நோயைத் தானே ஓசையாகவும் சொல்லும். உள்ளே கூழாங்கல் உருளுவது போன்ற சத்தம் கேட்டால், அதற்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை என்று பொருள். வடிகட்டி அடைத்திருக்கலாம், உறிஞ்சும் குழாய் நசுங்கியிருக்கலாம். எண்ணெயில் நுரை கண்டால் எங்கோ காற்றுப் புகுகிறது. எண்ணெய் பால்போல வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெய் ஊற்றும்போது வாய்ப்பகுதியை முதலில் துடைக்க வேண்டும். சுத்தமான புனலால் ஊற்ற வேண்டும். நூல் பிரியும் பழந்துணியை அருகில் கொண்டுவரக் கூடாது. புதுப் பம்பு மாட்டும்போது அதன்மேல் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் உள்ளே வரும் வழி வெளியே போகும் வழியாகிவிடும், தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் பிய்ந்துபோகும்.

பம்பு கெட்டால் பணத்தால் மாற்றிவிடலாம். கை கெட்டால்? இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் பழசானால் அதில் ஊசிமுனை அளவு துவாரம் விழுவதுண்டு. நகத்தளவு இடத்தில் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தமுள்ள எண்ணெய் அந்தத் துவாரத்தின் வழியே பீய்ச்சி அடிக்கும்போது, அது கண்ணுக்குத் தெரியாத ஊசியாகிறது. கையுறையையும் துளைக்கும், தோலையும் துளைக்கும். எங்கே கசிகிறது என்று ஒருவர் விரலால் தடவிப் பார்க்கிறார். சுருக்கென்று ஒரு குத்து. பார்த்தால் சிறு புள்ளி. இரத்தம்கூட அதிகம் வராது. நாளெல்லாம் செம்பனை முள் குத்தி மரத்துப்போன கைக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. தைலத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் உள்ளே சென்ற எண்ணெய் விரலின் தசைக்குள் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரம் கழித்து வீக்கமும் தாங்க முடியாத வலியும் தொடங்கும். காலம் தாழ்த்தினால் விரலையே, சில சமயம் கையையே எடுக்க நேரிடும்.

ஆகவே, வீட்டுக்கு வந்தவர், "எண்ணெய்க் குழாய் பீய்ச்சியடித்தது, சிறு குத்துதான்" என்று சொன்னால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். வலி இல்லாவிட்டாலும் அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். "அழுத்தமுள்ள எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். எவ்வளவு விரைவாகச் செய்கிறார்களோ அவ்வளவு கை பிழைக்கும். விபத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட சொக்சோ பாதுகாப்பு இத்தகைய வேலையிட விபத்துகளுக்காகவே இருக்கிறது. சிறு புள்ளிதானே என்று பதிவு செய்யாமல் விட்டால், பின்னால் வாதாடுவது சிரமம்.

இந்த விபத்தை வராமலே தடுக்க முடியும். கசிவைத் தேடுவதற்கு முன் பாரத்தைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பிடியை முன்னும் பின்னும் அசைத்துக் குழாயில் தங்கிய அழுத்தத்தைப் போக்க வேண்டும். ஓடும்போதுதான் பார்த்தாக வேண்டுமென்றால், தூர நின்று ஓர் அட்டையையோ பலகைத் துண்டையோ நீட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். கையால் தடவுவது எக்காலத்திலும் ஆகாது.

இன்னொன்று. தூக்கி நிறுத்திய டிரெய்லர்த் தொட்டியின் கீழே நுழைந்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றதும் பம்பும் நின்றுவிடுகிறது. தொட்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு வால்வும் ஒரு ரப்பர்க் குழாயுமே. குழாய் வெடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் பாரம் கீழே இறங்கிவிடும். இரும்பு முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் தலையை நீட்டலாகாது. பிள்ளைகள் விளையாட்டாகக்கூட அங்கே போகாதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். அழிந்துபோன காலணிப் பெட்டி ஒன்றின் அட்டையில் பத்துப் பற்களுள்ள இரண்டு சக்கரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஊசி குத்தி, பற்கள் கோக்கும்படி பெட்டியின் மூடியில் பொருத்துங்கள். சக்கரங்களின் வெளி ஓரத்தைச் சுற்றி அட்டையால் சுவர் கட்டுங்கள். பிரியும் பக்கத்துப் பள்ளங்களில் பச்சைப்பயறு போட்டு மெல்லச் சுழற்றுங்கள். பயறு ஓரமாகப் போகிறதா, நடுவாகப் போகிறதா என்று உங்கள் கண்ணாலேயே காணுங்கள். கண்டதைப் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவிடமோ மாமாவிடமோ அண்ணனிடமோ சொல்லிக் காட்டுங்கள். அவர் கையால் அறிந்தது ஒன்று, நீங்கள் கணக்கால் அறிந்தது ஒன்று. இரண்டும் சேர்ந்தால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம்.

நம் பெற்றோர் தலைமுறையில் பலர் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்றார்கள். "இதைத் தொடு, அதைத் தொடாதே" என்று மட்டுமே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இன்று தொழிற்கல்லூரிகளும் திறன் பயிற்சி நிலையங்களும் உள்ளன. அவற்றின் வாசலைத் தாண்டும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, "எண்ணெய் எந்த வழியாகப் போகிறது?" என்று கேட்கத் தெரிந்திருப்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் பம்பையும் காப்பாற்றுவான், தன் கையையும் காப்பாற்றிக்கொள்வான்.